சூதாட்ட அடிமைத்தனம்: சிகிச்சை மனிதனுக்கா, இயந்திரத்துக்கா?

வைகைக்கரையான்:
சூதாட்டத்தில் குடும்பத்தையே அழித்துக்கொள்பவர்களுக்கு மன உறுதி போதாது, அவ்வளவுதான் என்று இக்குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். மருத்துவ உலகம் அந்தக் கருத்தைக் கைவிட்டுப் பல ஆண்டுகளாகின்றன. 1980இல் உந்துதல் கட்டுப்பாட்டுக் கோளாறாகப் பதிவான இந்நோயை, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் மனநோய்களை வகைப்படுத்தும் தன் 2013ஆம் ஆண்டுக் கையேட்டில் மது, போதைப்பொருள் அடிமைத்தனத்தின் வரிசைக்கே மாற்றிவிட்டது. மேயோ மருத்துவமனை மருத்துவர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில், பார்க்கின்சன் நோய்க்காக டோபமின் என்னும் மூளை வேதிப்பொருளைப் போலச் செயல்படும் மருந்தை உட்கொண்ட 11 பேர் கட்டுக்கடங்காமல் சூதாடத் தொடங்கியிருந்தார்கள். அவர்களில் 9 பேர் உட்கொண்டது பிராமிபெக்சோல் என்னும் ஒரே மருந்தை. மருந்தை மாற்றியமைத்த பின் வேட்கையும் அடங்கியது. இது ஒழுக்கக் கேடா? தடுப்புக்கான பணம் முதலில் மருத்துவமனைக்கும் மூளை ஆய்வுக்கும் செல்ல வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

நெய்தல்நிலவன்:
மன உறுதி வாதத்தை நானும் ஏற்கவில்லை. ஆனால் தாங்கள் காட்டும் சான்று தங்கள் முடிவுக்கு இட்டுச்செல்லவில்லை, ஐயா. அதே வகை மருந்தை உட்கொள்பவர்களில் பெரும்பாலோர் சூதாடுவதில்லை. சிலருக்கு வேட்கை உணவின் மீதும் காமத்தின் மீதும் திரும்புகிறது. மருந்து வேட்கையைத் தூண்டுகிறது என்பது சரி. அது எதைப் பற்றிக்கொள்ளும் என்பதில், கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதற்கும் பங்குண்டு என்றே கருதுகிறேன்.

சூதாட்ட இயந்திரத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். திரையில் படங்கள் ஒத்துவந்தால் பணம் தரும் 20 வரிசைகளில் ஒருவர் மொத்தம் ஒரு டாலர் கட்டுகிறார். 20 சென்ட் திரும்புகிறது. அவர் 80 சென்ட் இழந்திருக்கிறார், ஆனால் இயந்திரமோ மணியடித்து, விளக்குகளை மின்னவிட்டு, அவர் வென்றதாகக் கொண்டாடுகிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் தோலின் மின்கடத்துதிறனை அளந்தபோது, இந்த இழப்புக்கும் உடல் வெற்றிக்குக் காட்டும் கிளர்ச்சியையே காட்டியது. அதற்கு முந்தைய ஆண்டில் கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க் குழுவினர், மயிரிழையில் தவறிய ஆட்டங்கள் வெற்றியின்போது இயங்கும் மூளைப் பகுதிகளையே தூண்டுவதைக் கண்டார்கள். அத்தகைய தோல்வி ஆடுபவருக்குக் கசப்பாக இருந்தது. ஆயினும் மீண்டும் ஆடும் ஆவலை வளர்த்தது. இவ்வளவும் தெரிந்த பிறகு, ஆடுபவருக்கு மாத்திரை தருவதா, மணியை நிறுத்துவதா?

வைகைக்கரையான்:
அதே மணியைக் கேட்ட பெரும்பாலானோர் எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறார்களே? வியட்நாம் போர்க்கால அமெரிக்கப் படையினரான இரட்டையர்களைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வுகள், இந்நோயில் பரம்பரைக்குக் கணிசமான பங்கிருப்பதைக் காட்டின. எளிதில் ஆட்படக்கூடியவரை முன்கூட்டியே அடையாளம் காணாமல் இயந்திரத்தை மட்டும் திருத்தினால், அவர் அடுத்த கடைக்குப் போவார். பிரிட்டனில் பந்தயக் கடை இயந்திரங்களின் உச்சப் பந்தயத் தொகையை 2019இல் 100 பவுண்டிலிருந்து 2 பவுண்டாகக் குறைத்தார்கள். கைப்பேசியில் இருக்கும் சூதாட்டக் கூடத்தை அந்த விதி தொடவில்லை.

மலைச்சாரல்:
போதை மீட்பு மையம் ஒன்றில் ஆற்றுப்படுத்துநராகப் பணியாற்றுபவள் என்ற முறையில் ஒரு குறுக்கீடு. எங்களிடம் வருபவர்கள் நகை அடகுக்குப் போய், கடன் கழுத்தை நெரித்த பிறகே வருகிறார்கள். மது அடிமைகளுக்குத் தரப்படும் நால்ட்ரெக்சோனைச் சூதாட்டத்துக்கும் சோதித்திருக்கிறார்கள். ஆனால் இத்தகைய சோதனைகளில் வெற்று மாத்திரை பெற்றவர்களும் வெகுவாகத் தேறியதால், பலனை அறுதியிட்டுச் சொல்வது கடினமாகிவிட்டது. “இவ்வளவு தோற்றாயிற்று, இனி வந்தே தீரும்” என்ற கணக்கை உடைக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைதான் எங்களுக்குக் கைகொடுக்கிறது. அதற்கும் முன்னால், வங்கி அட்டையையும் கைப்பேசிப் பணச் செயலியையும் மனைவியிடமோ அண்ணனிடமோ ஒப்படைக்கச் சொல்கிறோம்.

நெய்தல்நிலவன்:
அம்மா சொல்வது என் வாதத்துக்கே வலுச்சேர்க்கிறது: பணத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவே ஒரு தடை. நார்வே இதை நாடு முழுவதற்கும் செய்தது. 2006இல் சூதாட்ட இயந்திரங்கள் பணத்தாள்களை ஏற்பதை நிறுத்தியது. 2007 ஜூலையில் அவற்றை அடியோடு அகற்றியது. பின்னர் அடையாள அட்டையும் இழப்பு வரம்பும் கொண்ட புதிய இயந்திரங்களை அரசு நிறுவனமே வைத்தது. பழைய இயந்திரங்களை அகற்றிய பிறகு, சூதாட்டச் சிக்கலுக்கான உதவித் தொலைபேசி எண்ணுக்கு வந்த அழைப்புகள் குறைந்தன. ஆடியவர்கள் கூட்டமாக வேறு சூதுக்குத் தாவிவிடவில்லை. “அடுத்த கடைக்குப் போவார்” என்பது எப்போதும் பலிப்பதில்லை. தமிழ்நாட்டில் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை 2025இல் விதித்த தடையும் இதே வகையைச் சேர்ந்ததுதான்.

வைகைக்கரையான்:
நார்வேயில் இயந்திரம் வைத்தது ஒரே அரசு நிறுவனம். ஆகவே ஓர் அட்டையில் போட்ட வரம்பு எல்லா இயந்திரங்களையும் கட்டுப்படுத்தியது. பத்து நிறுவனங்கள் இருக்கும் சந்தையில், ஒன்றில் வரம்பை எட்டியவர் மற்ற ஒன்பதிலும் புதியவராகவே நுழைவார். அனைத்துக்கும் பொதுவான ஒரே வரம்பு வேண்டுமானால், ஒவ்வொருவரும் எங்கே எவ்வளவு இழந்தார் என்ற பதிவேட்டை யாரேனும் வைத்திருக்க வேண்டும். அதை அரசிடம் ஒப்படைக்க நண்பர் சம்மதிப்பாரா?