படியிலிருந்து லிட்டருக்குப் போவதற்கு என்ன பெயர்?

தெம்பனிஸ் ஆசிரியை எழுதியது:

சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம். சிங்கப்பூர்த் தமிழ்மொழி விழாவுக்காக எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் பிள்ளைகளுக்கு ஓர் அங்கம் வைக்கிறோம். பித்தளைப் படி, உழக்கு, ஆழாக்கு மூன்றும் கிடைத்துவிட்டன. மரக்கால் ஒன்றை ஒரு பாட்டி இரவல் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் அரிசியை முகந்து கொட்டி, ஒரு படிக்கு எத்தனை உழக்கு என்று தாங்களே கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம் அதை மில்லிலிட்டருக்குக் கொண்டு போக வேண்டும்.

இவர்கள் பள்ளியில் கணக்கை ஆங்கிலத்தில் படிப்பவர்கள். 'யூனிட் கன்வர்ஷன்' என்றால் உடனே புரிந்துகொள்வார்கள். பலகையில் தமிழ்தான் இருக்க வேண்டும் என்பது ஏற்பாட்டுக் குழுவின் முடிவு. எனக்கு இரண்டு சொல் வேண்டும். ஒன்று, தலைப்புக்கு: ஓர் அளவையிலிருந்து இன்னோர் அளவைக்குப் போவது. இரண்டாவது, அப்படிப் போகும்போது பெருக்குகிறோமே, அந்த எண்ணுக்கு. வெள்ளிக்கிழமை காலை அச்சகத்துக்குக் கோப்பு போய்விட வேண்டும்.

பலகையில் போடப்போகும் வாய்பாடு இதுதான்: 360 நெல் ஒரு செவிடு. 5 செவிடு ஒரு ஆழாக்கு. 2 ஆழாக்கு ஒரு உழக்கு. 2 உழக்கு ஒரு உரி. 2 உரி ஒரு நாழி, அதாவது படி. 8 நாழி ஒரு குறுணி, அதாவது மரக்கால். 2 குறுணி ஒரு பதக்கு. 2 பதக்கு ஒரு தூணி. 3 தூணி ஒரு கலம்.

ஜூரோங் பொறியாளர் எழுதியது:

அலகு மாற்றம். மாற்றுக் காரணி. பாடநூல்களில் ஏற்கெனவே இருப்பதுதான். வேறு யோசிக்க வேண்டியதில்லை.

உட்லண்ட்ஸ் ஐயா எழுதியது:

தம்பி அவ்வளவு சீக்கிரம் கதவைச் சாத்த வேண்டாம்.

முதலில் 'அலகு'. நம் ஊர்ப் பிள்ளையிடம் அலகு என்று சொல்லிப் பாருங்கள். தைப்பூசத்தன்று கன்னத்தில் குத்தும் அலகைத்தான் நினைக்கும். கொஞ்சம் இலக்கியம் படித்த பிள்ளை பறவையின் அலகை நினைக்கும். அடுத்தது 'மாற்றம்'. எது மாறுகிறது? படியில் இருந்த அரிசி அப்படியே இருக்கிறது. அதைச் சொல்லும் எண்ணும் பெயரும்தான் மாறுகின்றன. மூன்றாவது 'காரணி'. காரணம் வடசொல். தமிழ்மொழி விழாவுக்கு அதையா பலகையில் ஏற்றுவது?

நம்மிடம் பழைய சொல்லே இருக்கிறது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியோடு சேர்த்து மனப்பாடம் செய்தது இரண்டு: பொன்னிலக்கம், நெல்லிலக்கம். பொன்னிலக்கம் நிறைக்கும் காசுக்கும், நெல்லிலக்கம் முகத்தல் அளவைக்கும். செவிடு, ஆழாக்கு, உழக்கு என்று பிள்ளைகள் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போவார்கள். அம்மா தந்த வாய்பாடு நெல்லிலக்கத்தின் எலும்புக்கூடுதான். தலைப்புக்கு 'நெல்லிலக்கம்' என்றே போடலாம். செயலுக்குத் தனிப் பெயர் வேண்டுமென்றால் 'முகவைமாற்று'.

பிடோக் வாசகர் எழுதியது:

ஐயா, முகவை என்றால் எங்கள் ஊர். இராமநாதபுரம். 'முகவைமாற்று' என்று பலகையில் போட்டால், சிங்கப்பூரில் இருக்கும் பாதி முகவைக்காரர்கள் ஊரை எங்கே மாற்றுகிறார்கள் என்று பார்க்க வந்துவிடுவார்கள். கூட்டம் சேர்க்க நல்ல உத்திதான்!

ஆனால் 'முக' என்ற வினையை விட்டுவிடக் கூடாது. 'ஆழ அமுக்கி முகக்கினும் ஆழ்கடல்நீர் நாழி முகவாது நானாழி' என்று ஔவையார் மூதுரையில் கணக்கையே முடித்துவிட்டார். ஒரு நாழிக் கலத்துக்குள் நாலு நாழி போகாது.

நெல்லிலக்கம் அழகான சொல். எண்ணெய்க்கும் பாலுக்கும் அதையே சொல்லலாமா என்றுதான் யோசிக்கிறேன்.

கிளமெண்டி ஆய்வு மாணவர் எழுதியது:

கல்வெட்டுப் பக்கமிருந்து ஒரு யோசனை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல்லை அளக்கும்போது எந்த மரக்கால் என்று பெயர் சொல்லித்தான் அளப்பார்கள். கோயில் மரக்காலுக்கு 'ஆடவல்லான்' என்று பெயர். அது 'ராஜகேசரியோடு ஒக்கும்' என்று எழுதியிருக்கும். இரண்டு வேறு மரக்கால்கள், அவை சமம் என்ற உறுதிமொழி. நாம் தேடுகிற செயல் அதுதானே? அதைச் சொல்ல 'ஒக்கும்' என்ற ஒரு வினையே போதுமாக இருந்திருக்கிறது. அதிலிருந்து 'ஒப்பளவை' என்று எடுக்கலாம்.

இதைவிட எனக்குக் கவலை தருவது வாய்பாடு. 8 நாழி ஒரு குறுணி என்று போட்டிருக்கிறீர்கள். மதுரை மீனாட்சியம்மன் கோயில் முக்குறுணி விநாயகருக்குச் சதுர்த்தியன்று 18 படி அரிசியில் கொழுக்கட்டை செய்வார்கள். மூன்று குறுணி 18 படி என்றால் குறுணிக்கு 6 படி. மதுரைக்காரர் யாராவது பலகையைப் பார்த்தால் கட்டாயம் கேட்பார். படியிலேயே சின்னப்படி, பெரிய படி, பட்டணம் படி என்று ஊருக்கு ஒன்று இருந்தது. இந்தியாவில் 1956 சட்டத்துக்குப் பிறகு மெட்ரிக் முறை வந்து கடைகளில் இவை ஓய்ந்தன, வீடுகளில் ஓயவில்லை.

ஆகவே இங்கே இரண்டு வேலை நடக்கிறது. படியை உழக்காக்குவது வெறும் கணக்கு. நாலால் பெருக்கினால் போதும், எந்த ஊர்ப் படியானாலும் நாலுதான். படியை லிட்டராக்குவது அப்படி இல்லை. முதலில் எந்தப் படி என்று கேட்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், 'ஒரு படி இத்தனை மில்லிலிட்டர்' என்பதும் நாலு உழக்கு ஒரு படி போன்ற உறுதியான செய்தி என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள்.

உட்லண்ட்ஸ் ஐயா எழுதியது:

> அதிலிருந்து 'ஒப்பளவை' என்று எடுக்கலாம்.

ஒப்பளவை என்பது தருக்க நூலில் உவமானப் பிரமாணம், அதாவது ஒப்புமையால் ஒன்றை அறிவது. அந்த இடம் ஏற்கெனவே போய்விட்டது.

நாழி என்று பேச்சு வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். நாழி முதலில் குழாய். மூங்கிலை ஒரு கணுவோடு வெட்டினால் அடியடைத்த கலம் தானாகவே கிடைக்கும். நேரத்தைச் சொல்லும் நாழிகையும் நீர் அளக்கும் கலத்தின் வழி வந்ததுதான். தூணியைப் பாருங்கள். நாலு மரக்கால் கொண்ட அளவும் தூணி, அம்பு வைக்கும் கூடும் தூணி. உள்ளே துளை, வெளியே சுவர். ஆக நம் முகத்தல் அளவைகளுக்கெல்லாம் மூலம் துளையுள்ள பொருள். இதை வைத்து 'துளையளவை' என்று...

இன்னொன்று. கெடாவில் மலாய்க்காரர்கள் நெல்லுக்கு 'நலே' என்று ஓர் அளவு வைத்திருந்தார்கள். 16 கந்தாங் ஒரு நலே, 10 நலே ஒரு குஞ்சா. நலே நம் நாழிதான் என்று நான் நினைக்கிறேன். கடாரம் கொண்டவன் மரக்காலையும் கொண்டு போயிருக்க மாட்டானா?

ஜூரோங் பொறியாளர் எழுதியது:

> நலே நம் நாழிதான்

நீரிணைக் குடியேற்ற நாடுகளில் ஒரு கந்தாங்கை ஒரு இம்பீரியல் காலனாக வைத்திருந்தார்கள். 4.546 லிட்டர். 16 கந்தாங் என்றால் ஏறக்குறைய 73 லிட்டர். படியை ஒன்றரை லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு நலேக்குள் நாற்பத்தெட்டு நாழி போகும். கப்பலில் போகும்போது நாழி இவ்வளவு ஊதிவிட்டதா ஐயா?

ஒலி ஒத்துப்போனால் மட்டும் போதாது, அளவும் ஒக்க வேண்டும். கல்வெட்டுத் தம்பி சொன்ன அதே 'ஒக்கும்'.

யீஷூன் அக்கா எழுதியது:

நான் சொல்லாராய்ச்சிக்காரி இல்லை. ஆனால் அரிசி தினமும் அளக்கிறேன்.

என் மாமியார் காலத்தில் இங்கே மளிகைக் கடையில் கந்தாங், சுப்பாக் இரண்டும் இருந்தன. நாலு சுப்பாக் ஒரு கந்தாங். கட்டி என்பது எடை, அதை இதோடு குழப்ப வேண்டாம். 1970-களில் மெட்ரிக் முறை வந்தபோது எல்லாம் கிலோவாகிவிட்டது. அதாவது முகந்து அளந்ததை நிறுத்து அளக்க ஆரம்பித்தோம். இந்தப் பெரிய மாற்றத்தைப் பற்றி யாருமே பேசவில்லையே! படியை லிட்டராக்குவது ஒரு வேலை, படியைக் கிலோவாக்குவது வேறு வேலை. பச்சரிசிக்கு ஒரு கணக்கு, புழுங்கலுக்கு ஒரு கணக்கு, உளுந்துக்கு இன்னொன்று.

இன்னொரு செய்தி. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு ஒவ்வொன்றிலும் ரைஸ்குக்கரோடு வரும் பிளாஸ்டிக் குவளை 180 மில்லிலிட்டர். அது ஜப்பானியர்களின் பழைய அளவு. அதற்குக் 'கோ' என்று பெயர், பத்து கோ ஒரு ஷோ. பொறியாளர் சொன்ன ஒன்றரை லிட்டர்ப் படியை எட்டாக வகுத்தால் ஆழாக்கு 187.5 வருகிறது. நம் ஆழாக்குக்கு ஜப்பானில் ஒரு பங்காளி இருந்துகொண்டு, நம் அடுப்படியில் தினமும் வேலை செய்கிறான். பிள்ளைகளுக்கு இதைக் காட்டுங்கள். பித்தளைப் படியை அருங்காட்சியகப் பொருளாகப் பார்க்கிறவர்கள் குக்கர் குவளையைக் கையில் எடுத்துப் பார்ப்பார்கள்.

அளக்கும்போது தலைதட்டி அளக்க வேண்டுமா, கோபுரமாகக் குவித்து அளக்க வேண்டுமா என்றும் பலகையில் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு விடை வரும்.

பிடோக் வாசகர் எழுதியது:

அக்கா சொன்னது சரி. எங்கள் ஊரில் களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்ல மாட்டார்கள், 'லாபம்' என்பார்கள். அப்புறம் 'ரெண்டு'. அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

எண்ணுக்கு 'மாற்றெண்' எப்படி? காரணியும் வேண்டாம், வடசொல் சண்டையும் வேண்டாம்.

ஜூரோங் பொறியாளர் எழுதியது:

மாற்று என்றால் தங்கத்தின் தரம். சிராங்கூன் சாலையில் நகைக்கடை வாசலில் நின்று மாற்றெண் என்ன என்று கேட்டால் 916 என்பார்கள்.

கிளமெண்டி ஆய்வு மாணவர் எழுதியது:

அதுவும் பொருத்தமில்லாமல் இல்லை. 916 என்பதும் ஒரு விகிதம்தானே.

இன்னொரு யோசனை: மொழிபெயர்ப்பு போல 'அளவைபெயர்ப்பு'. பொருள் அப்படியே இருக்க, சொல்லும் எண்ணும் மட்டும் வேறாகின்றன. எது மாறுகிறது என்ற ஐயாவின் கேள்விக்கு இது நேராகப் பதில் சொல்கிறது.

யீஷூன் அக்கா எழுதியது:

பெயர்ப்பது என்றால் எனக்குக் கடப்பாரைதான் நினைவுக்கு வருகிறது. போன மாதம்தான் குளியலறைத் தரையைப் பெயர்த்தார்கள்.

உட்லண்ட்ஸ் ஐயா எழுதியது:

அளவைபெயர்ப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. நெல்லிலக்கத்தை விட்டுக்கொடுக்கத் தயார்.

ஆனால் 'லிட்டர்' விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். லகரம் மொழிக்கு முதலில் வராது. 'இலிட்டர்' என்று போடுங்கள்.

கிளமெண்டி ஆய்வு மாணவர் எழுதியது:

ஐயா, தொல்காப்பியம் தொகைமரபில் அளவுப் பெயருக்கும் நிறைப் பெயருக்கும் முதலில் வரும் எழுத்துகள் ஒன்பது என்று வரையறுத்திருக்கிறார்கள்: க, ச, த, ப, ந, ம, வ, அ, உ. கலம், சாடி, தூதை, பானை, நாழி, மண்டை, வட்டி, அகல், உழக்கு என்று உரையில் எடுத்துக்காட்டும் உண்டு. லகரத்துக்கு முன்னால் இகரத்தை வைத்தாலும் அந்த ஒன்பதில் சேராது. விதியைப் பார்த்தால் இலிட்டரும் வெளியேதான் நிற்க வேண்டும்.

உட்லண்ட்ஸ் ஐயா எழுதியது:

இம்மி இகரத்தில்தான் தொடங்குகிறது. உரையாசிரியர் அதற்கு இடம் கொடுத்திருக்கிறார். இம்மி நுழைந்த வாசலில் இலிட்டரும் நுழையலாம்.

அதே தொல்காப்பியத்தில், உயிர்மயங்கியலில், நாழியோடு உரி சேர்ந்தால் 'நாடுரி' ஆகும் என்று ஒரு நூற்பா இருக்கிறது. ஒன்றரை நாழிக்கு ஒரே சொல். இதை ஏன் யாரும் இப்போது சொல்வதில்லை? பலகையில் நாடுரிக்கு ஓர் இடம் கொடுங்கள் அம்மா.

தெம்பனிஸ் ஆசிரியை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இன்று வியாழன் இரவு. நான் எடுத்த முடிவைச் சொல்லிவிடுகிறேன்.

தலைப்பு 'அளவை மாற்றம்'. அலகை எடுத்துவிட்டேன், தைப்பூசக் குழப்பம் உண்மைதான். என் வகுப்பில் சிலரிடம் மூன்று சொல்லையும் காட்டினேன். அளவைபெயர்ப்பை 'அளவைப் பெயர்' என்று படித்து, அளவைகளின் பெயர்ப் பட்டியல் என்று நினைத்தார்கள். நெல்லிலக்கத்தை நெல்லிக்காயோடு சேர்த்துவிட்டார்கள். அளவை மாற்றம் யாரையும் நிறுத்தவில்லை.

எண்ணுக்குப் பெயரே போடவில்லை. தம்பி இரண்டு வேலை என்று பிரித்துச் சொன்னதால் பலகையையும் இரண்டாகப் பிரித்துவிட்டேன். இடப்பக்கம் 'ஒரு படிக்கு எத்தனை உழக்கு?' வலப்பக்கம் 'இந்தப் படிக்கு எத்தனை மில்லிலிட்டர்? அளந்து பார்த்து எழுது.' வலப்பக்கத்தில் எண்ணை நாங்கள் அச்சிடவில்லை. 'இந்த' என்பதை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறோம். மதுரைக் குறுணிக்கு அடியில் ஒரு வரி உண்டு. குக்கர் குவளை மேசையில் இருக்கும். தலைதட்டித்தான் அளக்க வேண்டும் என்றும் எழுதியாயிற்று. லிட்டர், லிட்டராகவே இருக்கிறது, ஐயா மன்னிக்க வேண்டும். நாடுரிக்கு இடம் போதவில்லை.

ஜூரோங் பொறியாளர் எழுதியது:

மாற்றம் நின்றுவிட்டது, அது போதும். நான் முதல் மடலில் சொன்னதில் பாதி.

உட்லண்ட்ஸ் ஐயா எழுதியது:

அம்மாவின் பலகை அம்மாவின் உரிமை. வந்து பார்க்கிறேன். ஆனால் குழுவின் சொற்பட்டியலில் 'அளவை மாற்றம்' என்று மட்டும் ஏற்ற வேண்டாம். பக்கத்தில் 'அளவைபெயர்ப்பு' என்றும் இருக்கட்டும். 'இணையம்' என்ற சொல்லை நம் ஊர் நா. கோவிந்தசாமி முன்வைத்தபோதும் சிலருக்கு அது முதலில் மீன்வலையை நினைவூட்டியிருக்கும். பிள்ளைகள் ஒரு தடவை தவறாகப் படித்தார்கள் என்பதற்காக ஒரு சொல்லைக் கைவிட முடியாது. அந்த ஒற்றுப் பிழையை நாம்தான் திருத்த வேண்டும்.

பிடோக் வாசகர் எழுதியது:

இரண்டும் ஏறட்டும், எனக்கு மறுப்பில்லை.

யீஷூன் அக்கா கேட்டதற்கு மட்டும் இன்னும் சொல் இல்லை. முகந்து அளந்ததை நிறுத்து அளப்பதற்கு, அதாவது படியைக் கிலோவாக்குவதற்கு என்ன பெயர்? அளவை மாற்றம் என்றால் போதாது, அரிசிக்கும் உளுந்துக்கும் எண் வேறு. 'அடர்த்தி' என்று பொறியாளர் சொல்வார் என்று தெரியும். அது பொருளின் குணம், இந்தச் செயலின் பெயர் இல்லை. தனி இழையாகத் தொடங்கலாமா?

ஜூரோங் பொறியாளர் எழுதியது:

விழா முடியட்டும்.