ஆச்சி சத்தமாகச் சொல்லிக்கொண்டே பின் நம்பரை அழுத்துகிறார்கள், நான் என்ன செய்ய?

பாளை அம்மா:

நெட்ஃபிளிக்ஸ் கணக்கு வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது. அவர் மஸ்கட்டில். மொத்தம் ஐந்து புரொபைல்: அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று, பெங்களூரில் இருக்கிற கொழுந்தனாருக்கு ஒன்று, அவர் சம்சாரத்துக்கு ஒன்று, பிள்ளைகள் ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு கிட்ஸ் புரொபைல். மகளுக்கு 14, மகனுக்கு 8. முழுப் பரீட்சை லீவு விட்ட அன்றைக்கே பெரியவர்கள் புரொபைல் நாலுக்கும் பின் நம்பர் போட்டுப் பூட்டிவிட்டேன், இனி கவலை இல்லை என்று இருந்தேன்.

பத்து நாள் போயிருக்கும், சின்னவன் ராத்திரி கொல்லைப்பக்கம் போகத் துணைக்கு ஆள் கேட்க ஆரம்பித்தான். என்னல ஆச்சு என்று கேட்டால் வாயே திறக்கவில்லை. ஒருநாள் என் புரொபைலைத் திறந்தால், பாதியில் நிற்கிற படங்களோடு, பிணங்கள் எழுந்து நடக்கிற ஒரு தொடர், ஆறாவது எபிசோடில் நிற்கிறது. நான் அதைத் தொட்டதே கிடையாது.

நம்பர் எப்படித் தெரிந்தது என்று துருவினால் குற்றவாளி என் மாமியார். மத்தியானம் சாப்பிட்டதும் பழைய படம் பார்க்க என் புரொபைலைத்தான் திறப்பார்கள். கண் சரியாகத் தெரியாது, அதனால் ஒவ்வொரு எண்ணாக, "ரெண்டு... ஏழு... ஏழு எங்கடே போச்சு" என்று சத்தமாகச் சொல்லித்தான் அழுத்துவார்கள். பேரன் பக்கத்தில் உட்கார்ந்து ஏழு எங்கே இருக்கிறது என்று காட்டியும் கொடுத்திருக்கிறான்.

நம்பரை மாற்றினால் ஆச்சிக்குச் சொல்லணும், ஆச்சிக்குச் சொன்னால் தெருவுக்கே தெரியும். மகளோ கிட்ஸ் புரொபைல் குழந்தைகளுக்கானது என்று முறைக்கிறாள். என்ன வழி?

வண்ணார்பேட்டை டிவி மெக்கானிக்:

தங்கச்சி, ஆச்சி வாயைப் பூட்ட முடியாது, அந்த முயற்சியை விட்டுவிடுங்கள். அவர்களுக்கு நம்பரே தேவைப்படாதபடி பண்ணணும். ஆச்சிக்குத் தனிப் புரொபைல் போட்டு, அதன் வயது வரம்பை 7+ என்று வைத்து, லாக் எதுவும் போடாமல் விடுங்கள். பேரன் அதைத் திறந்தாலும் கெட்டுப்போக ஒன்றும் இருக்காது. ஆச்சி கேட்கிற ஏதாவது பழைய படம் அந்த வரம்புக்குள் வரவில்லை என்றால் மட்டும் நீங்கள் போட்டுக் கொடுங்கள்.

இடம் இல்லையே என்பீர்கள், ஒரு கணக்கில் ஐந்துக்கு மேல் போட முடியாது. கொழுந்தனாரையும் அவர் வீட்டம்மாவையும் வெளியே அனுப்புங்கள், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கணக்கு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் என்று 2023 ஜூலையிலேயே இந்தியாவிலும் கறாராகச் சொல்லிவிட்டார்கள். புரொபைலை அப்படியே புதுக் கணக்குக்கு மாற்றிக்கொள்கிற வசதி இருக்கிறது, பார்த்த வரலாறு எல்லாம் கூடவே போய்விடும், அதனால் அவருக்கும் நஷ்டம் இல்லை. காலியாகிற ரெண்டு இடத்தில் ஒன்று ஆச்சிக்கு, ஒன்று மகளுக்கு. மகளுக்கு கிட்ஸ் வேண்டாம், சாதாரணப் புரொபைலே போட்டு 13+ வரம்பு வையுங்கள். முறைப்பு பாதி குறையும். அவளும் தன் புரொபைலுக்கு ஒரு பின் போட்டுக்கொள்ளட்டும், தம்பி உள்ளே வரமாட்டான்.

உங்கள் புரொபைலுக்கும் வீட்டுக்காரர் புரொபைலுக்கும் புது நம்பர். லாக் போடுகிற அதே இடத்தில், புதிய புரொபைல் சேர்க்கவும் பின் கேட்க வேண்டும் என்று ஒரு கட்டம் இருக்கும், அதையும் டிக் செய்யுங்கள். நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள். இடம் காலியாகிற நாளில் பையன் தனக்கென்று வரம்பே இல்லாத ஒரு புரொபைலைப் போட்டுக்கொள்வான், நீங்கள் பூட்டுப் போட்டதெல்லாம் வீண்.

அம்பை டீச்சர்:

நான் ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவள். லீவு முடிந்து வரும்போது யார் என்ன பார்த்தார்கள் என்று முதல் வாரத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும், அதனால் பூட்டை மட்டும் நம்புவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆனாலும் எட்டு வயதுக்குப் பூட்டு வேண்டும்தான்.

அந்த வயது எண்களைப் பற்றி ஒன்று சொல்லணும். 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளில்தான் யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என்று ஓடிடிக்கு, அதாவது நெட்ஃபிளிக்ஸ் போல இணையத்தில் படம் காட்டுகிறவர்களுக்கு, ஐந்து பிரிவு வந்தது, 13+ முதல் மேலே உள்ளதற்குப் பெற்றோர் பூட்டு வசதி கட்டாயம் என்றும் அதில் இருக்கிறது. அந்த எண்ணைப் போடுவது நிறுவனமே, தணிக்கைக் குழு இல்லை. தியேட்டர் படங்களுக்கு 7+, 13+, 16+ என்று பிரித்தது 2024 நவம்பரில்தான். அதற்கு முன்னே வந்த படத்தின் சான்றிதழில் வெறும் "யு/ஏ" என்றுதான் இருக்கும், அதில் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு கழுத்தறுப்பும் இருக்கும். அதனால் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நிற்காதீர்கள். பிடிக்காத ஒரு படத்தை அல்லது தொடரைப் பெயர் சொல்லித் தனியாகத் தடுக்கிற வசதி ஒவ்வொரு புரொபைலிலும் உண்டு. அடுத்த எபிசோடு தானாக ஓடுவதையும் நிறுத்திவிடுங்கள், ஆறு எபிசோடு போனது அதனால்கூட இருக்கலாம்.

அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்தப் பிணத்துக்கு எப்படி மேக்கப் போடுகிறார்கள் என்று ஒரு வீடியோ காட்டுங்கள். என் பையனுக்கு அதில்தான் பயம் தெளிந்தது.

தென்காசிக்காரன்:

எல்லாம் சரி, யூடியூபை விட்டுவிட்டீர்களே. நெட்ஃபிளிக்ஸைப் பூட்டினால் பயல் அடுத்த நிமிஷம் அங்கேதான் போவான். டிவி யூடியூபில் பெரியவர்கள் சமாச்சாரத்தை மறைக்கிற ரெஸ்ட்ரிக்டட் மோடைப் போட்டாலும் அவனே போய் எடுத்துவிடலாம். உங்கள் டிவி கூகுள் டிவி என்றால் அதிலேயே குழந்தைகள் புரொபைல் ஒன்று போடலாம். எந்த ஆப் தெரியணும், எத்தனை மணி நேரம், எத்தனை மணிக்குத் தூங்கணும் என்று எல்லாம் வைத்து, வெளியே வரவும் பின் கேட்கச் செய்யலாம். எங்கள் வீட்டில் அதைத்தான் போட்டிருக்கிறேன். அப்புறம் டிவியில் ஓடாதது ஆச்சி போனில் ஓடும், அதையும் ஒரு தடவை பாருங்கள்.

பாளை அம்மா:

எல்லோருக்கும் நன்றி. வேலை ஒருவழியாக நடந்தது, பாதி. செட்டிங்ஸ் மாற்றப் போனால் பாஸ்வேர்டு கேட்டது, வீட்டுக்காரருக்கே மறந்துபோச்சு, ஓடிபி கோடு அனுப்பு என்றால் அது அவர் போனுக்குப் போகிறது. அங்கே அவர் டூட்டியில். நான் இங்கே ரிமோட்டை வைத்துக்கொண்டு காத்திருக்க, கோடு வந்து சேர்வதற்குள் நேரம் முடிந்துவிடும். மூன்று தடவை இப்படி. ஆனால் அதில் ஒரு நல்லது, பையன் "பின் மறந்துவிட்டேன்" அழுத்தினாலும் செய்தி என் போனுக்கு வராது, மஸ்கட்டுக்குத்தான் போகும்.

கொழுந்தனாருக்குச் சொன்னேன், ரெண்டு நாள் பேசவில்லை, அப்புறம் தனிக் கணக்கு எடுத்துக்கொண்டார். மகள் புரொபைல் படமாக ஒரு பூனையை வைத்திருக்கிறாள், பின் நம்பரை என்னிடம் சொல்ல மாட்டாளாம். அது பற்றி இன்னொரு நாள் கேட்கிறேன்.

மெக்கானிக் அண்ணாச்சி, ஒன்று மட்டும் சொல்லுங்கள். புது வரம்பு போட்டும் டிவியில் பழையபடியே படங்கள் காட்டுகிறதே?

வண்ணார்பேட்டை டிவி மெக்கானிக்:

வேறு புரொபைலுக்கு ஒரு தடவை போய்விட்டுத் திரும்பி வாருங்கள், புதிய வரம்பு வந்துவிடும். அதற்கும் வரவில்லை என்றால் டிவியில் வெளியேறிவிட்டு மறுபடி உள்ளே போங்கள். ஆனால் அதற்கு முன்னே வீட்டுக்காரருக்கு டூட்டி எப்போது முடிகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.