‘குடித்தனம்’: இதற்கு இணைச்சொற்கள் எவை, எவை இல்லை?

தளி ரோடு:
தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்குச் சொல்வளப் பயிற்சித்தாள் தயாராகிறது. ‘குடித்தனம்’ என்பதற்கு நேரே குடும்பம், இல்லறம், இல்வாழ்க்கை, சம்சாரம் என்று நான்கு சொற்கள் போட்டாயிற்று. இரண்டு சிக்கல். பிள்ளைகள் பலர் ‘குடித்தனம் என்றால் குடிப்பழக்கம்’ என்று எழுதுகிறார்கள். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் ‘சம்சாரம்’ என்பதற்கு எழுதும் வாக்கியம் தமிழில் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. நான்கையும் ஒரே வரிசையில் வைக்கலாமா? ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போடலாம் என்று சொல்லித்தரலாமா?

பாலக்கோட்டுத் தக்காளி:
போட முடியாதுங்க. பிள்ளைகளையே சோதிக்கச் சொல்லுங்கள். ‘அந்தக் காம்பவுண்டில் நாலு ______ இருக்கு.’ குடித்தனம் பொருந்தும், குடும்பமும் பொருந்தும். ‘நாலு இல்லறம்’ என்றால் சிரிப்பார்கள். அடுத்து, ‘எங்கள் ______த்தில் ஆறு பேர்.’ இங்கே குடும்பம் மட்டும்தான். குடும்பம் ஆட்களைக் குறிக்கும். குடித்தனம் அந்த ஆட்கள் ஓரிடத்தில் இருந்து வாழ்வதைக் குறிக்கும். அதனால்தான் ‘குடும்பம் பிறந்த ஊரில், குடித்தனம் ஓசூரில்’ என்று சொல்ல முடிகிறது.

முன்னொட்டு வைத்தும் பார்க்கலாம். தனிக்குடித்தனம், வாடகைக் குடித்தனம் இரண்டும் வழக்கில் உண்டு. குடும்பத்துக்குக் ‘கூட்டு’ ஒட்டும், ‘வாடகை’ ஒட்டாது. இல்லறம் இவை எதையும் ஏற்காது. அதற்கு எதிர்ச்சொல்தான் உண்டு, துறவறம். குறளின் அறத்துப்பாலிலேயே இல்லறவியல், துறவறவியல் என்று தனித்தனி இயல்கள் இருக்கின்றனவே. இல்லறமும் இல்வாழ்க்கையும் (குறளில் ஐந்தாம் அதிகாரம்) ஒன்றுக்கொன்று இணை. கல்யாணப் பத்திரிகைக்கும் மேடைக்கும் ஆகும், தெருப்பேச்சுக்கு ஆகாது.

குடிப்பழக்கம் என்று எழுதுவதில் பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. திருட்டுத்தனம், முட்டாள்தனம், சோம்பேறித்தனம் என்று ‘தனம்’ கேட்டதெல்லாம் கெட்ட குணத்தோடுதான். ‘பெரியதனம், புத்திசாலித்தனம்’ இரண்டையும் பக்கத்தில் எழுதிப் போட்டால், அது தன்மையைக் காட்டும் விகுதி என்பது விளங்கும். செல்வம் என்ற ‘தனம்’ இதுவல்ல. ‘குடியின் செல்வமே குடித்தனம்’ என்று பட்டிமன்றத்தில் கைதட்டல் வாங்கலாம், பயிற்சித்தாளில் வேண்டாம். பிறகு ‘குடி’. நீர் குடிப்பது வேறு சொல். இந்தக் குடியிலிருந்து வந்தவை குடியிருப்பு, குடிபோதல், குடிக்கூலி, குடியானவர், குடிமராமத்து. பிள்ளைகளுக்குத் தெரிந்த குடியிருப்பில் தொடங்கினால் குழப்பம் பாதியிலேயே நின்றுவிடும்.

பேரிகைக்காரர்:
சம்சாரத்தைத் தாளிலிருந்து எடுத்துவிடுங்கள் என்பேன். அல்லது தனிக் கட்டத்தில் போடுங்கள். தமிழ்ப் பேச்சில் ‘என் சம்சாரம்’ என்றால் மனைவி. கன்னடத்திலும் தெலுங்கிலும் அதே சொல் குடும்ப வாழ்க்கை. ‘சம்சாரம் நல்லா நடக்குது’ என்று ஒரு பிள்ளை எழுதினால் அது வீட்டுமொழிப்படி சரியான வாக்கியம். சிவப்பு மையில் அடித்துவிடாமல் பக்கத்தில் ‘குடித்தனம்’ என்று எழுதிக்கொடுத்தால் போதும். தெற்கே கோவில்பட்டிப் பக்கம் சம்சாரி என்றால் விவசாயி. மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு! நூல்வழக்கில் பிறவிச் சுழல் வேறு இருக்கிறது. இத்தனையையும் ஒரு கட்டத்தில் அடைக்க முடியாது.

அந்தப் பிள்ளைகளுக்குக் குடித்தனம் புரிய அவர்கள் வீட்டுச் சொல்லே கைகொடுக்கும். தெலுங்கில் ‘காபுரம்’. ‘காபுரம் பெட்டடம்’ என்றால் நம் ‘குடித்தனம் வைத்தல்’. ‘வேரு காபுரம்’ என்றால் தனிக்குடித்தனம். வாடகைக்கு இருப்பதையும் புருசன் பெண்டாட்டி வாழ்வதையும் அந்த ஒரே சொல்தான் சொல்கிறது, நம் சொல்லைப் போலவே. கன்னடத்தில் ‘ஒக்கலு’. குடியிருப்பவருக்கும் பெயர், பயிரிடுபவருக்கும் பெயர். ‘ஒக்கலுதன’ என்றால் வேளாண்மை. தமிழில் குடியிலிருந்து குடியானவர் வந்த பாதையும் இதுதான். குறள் 43-இல் ‘விருந்தொக்கல்’ என்று வருகிறதே, அந்த ஒக்கல் சுற்றத்தார். அதுவும் இல்வாழ்க்கை அதிகாரத்திலேயே இருப்பதால் பாடத்தோடு சேர்த்துச் சொல்ல வசதி.

தளி ரோடு:
மிக்க நன்றி. சம்சாரம் தனிக் கட்டத்துக்குப் போகிறது. இன்னொன்று: ‘ஒண்டிக்குடித்தனம்’, ‘ஒண்டுக்குடித்தனம்’, எது சரி? தனிக்குடித்தனமும் அதுவும் ஒன்றா?

அரூர் பஸ் ஸ்டாண்டு:
ஒன்றல்ல, கிட்டத்தட்ட எதிர். ஒண்டுதல் என்றால் அடுத்தவர் இடத்தில் ஒதுங்கி இருப்பது. ஒரே வீட்டைத் தடுத்து, வாசலையும் குழாயையும் பலர் பங்குபோட்டு இருப்பது ஒண்டுக்குடித்தனம். ‘ஒண்டி’ என்பதற்குத் தனியாள் என்ற பொருளும் இருப்பதால் ‘டி’ போட்டால் பிள்ளைகள் தனியாக இருப்பது என்று எடுத்துக்கொள்வார்கள். பத்திரிகைகளில் இரண்டும் வருகிறது. பாடத்துக்கு ‘டு’ வைப்பது நல்லது. தனிக்குடித்தனம் பெற்றோரைப் பிரிந்து தனி உலை வைப்பது. உலைதான் கணக்கு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் சேர்ந்து வாழ்ந்து ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்களைத்தான் ஒரு குடும்பமாக எழுதுகிறார்கள். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு அடுப்பு எரிந்தால் இரண்டு.

வினையும் சேர்த்துக் கொடுங்கள், தப்பு அதிகம் வருவது அங்கேதான். குடித்தனம் ‘பண்ணு, நடத்து, வை, போ’ ஏற்கும்; ‘செய்’ அவ்வளவாக ஒட்டாது. மணமக்களுக்குப் பெரியவர்கள் குடித்தனம் ‘வைக்கிறார்கள்’, மணமக்கள் குடித்தனம் ‘நடத்துகிறார்கள்’. புது வீட்டுக்குப் பால் காய்ச்சிக் ‘குடி போகிறார்கள்’. அங்கே ‘தனம்’ வராது.

பாலக்கோட்டுத் தக்காளி:
ஒரு சேர்க்கை. ‘ஊட்ல இல்லீங்க’ என்று நம் பக்கம் சொல்லும்போது ஊடு கட்டடமாகவும் இருக்கலாம், கணவனோ மனைவியோ ஆகவும் இருக்கலாம். இதை வாய்மொழிப் பயிற்சியில் வையுங்கள், எழுத்தில் ‘வீடு’ போதும். அலுவலகத் தாளில் குடித்தனம் எங்கும் வராது: ரேஷனுக்குக் குடும்ப அட்டை, வாடகை ஒப்பந்தத்துக்கு வாடகைதாரர். ‘குடித்தனக்காரர்’ என்று ஒப்பந்தத்தில் எழுதினால் பொருள் மாறாது, ஆனால் டைப் அடிப்பவர் எப்படியும் திருத்திவிடுவார்.