மதரஸா விடுதிப் பிள்ளைகளுக்கு வியாபாரமும் வாட்ஸ்அப் விற்பனையும்: எதிலிருந்து தொடங்கலாம்?

கேள்வி (மேலூர் உஸ்தாத்):
அஸ்ஸலாமு அலைக்கும். ஹிஃப்ழு (குர்ஆன் மனனம்) முடித்து ஆலிம் (மார்க்க அறிஞர்) வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் 20 பேர், 15 முதல் 18 வயது. விடுதியில் யாருக்கும் போன் கிடையாது, அலுவலக போன் ஒன்றுதான். மாலையில் அஸர், மஃரிப் தொழுகைகளுக்கு நடுவே வாரம் மூன்று நாள் நேரம் தரலாம். சுங்குடிச் சேலை (துணியில் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றிப் புள்ளி எடுப்பது) விற்கப் பழக்க எண்ணம். கையில் முதல் இல்லை. மதுரை விளக்குத்தூண் பக்கம் கடையில் போட்டோ வாங்கிப் போட்டு, ஆர்டர் வந்தபின் சேலை எடுத்தால் சரியா?

பதில் (ஜவுளி வியாபாரி):
வஅலைக்கும் ஸலாம் ஹஜ்ரத். போனைக் கடைசியில் கொடுங்கள். முதல் இரண்டு வாரம் நோட்டும் பேனாவும் போதும். 700க்கு எடுத்து 900க்கு விற்றால் லாபம் 200 என்றுதான் பிள்ளைகள் எழுதுவார்கள். கூரியர் 80, கவர் 10 போனால் நிற்பது 110. சேலை திரும்பி வந்தால் போக வர 160, கவர் 10, ஆக 170 நட்டம். ஐந்து அனுப்பி ஒன்று திரும்பினால் மிச்சம் 270தான். இதை அவர்களே போட்டுப் பார்க்கட்டும்.

திரும்பி வருவது பெரும்பாலும் நிறம் மாறித் தெரிவதால். டியூப்லைட்டில் எடுக்க வேண்டாம். பகலில், வராந்தா நிழலில், ஓரத்தில் வெள்ளைத் தாள் வைத்து எடுங்கள். தாள் நீலமாகவோ மஞ்சளாகவோ தெரிந்தால் அந்தப் படத்தை அழித்துவிடுங்கள். முழுச் சேலை, முந்தி, பார்டர், பிறகு புள்ளி மட்டும் கிட்டத்தில். கையால் முடிச்சுப் போட்ட புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது, அவிழ்த்த இடத்தில் துணி லேசாகக் குவிந்து நிற்கும். அச்சுப் புள்ளி எல்லாம் ஒரே அளவு. அச்சு என்றால் அச்சு என்றே எழுத வேண்டும்.

வாட்ஸ்அப் பிசினஸ் பிராட்காஸ்ட் ஒரு லிஸ்டில் 256 பேர் வரை போகும். ஆனால் உங்கள் எண்ணைச் சேவ் செய்தவருக்குத்தான் கிடைக்கும். விற்ற கையோடு சேவ் செய்யச் சொல்லிக் கேட்காவிட்டால் அனுப்புவதெல்லாம் வீண். தெரியாதவர்களுக்கு மொத்தமாக அனுப்பினால் ரிப்போர்ட் அடிப்பார்கள், எண் முடங்கும். அலுவலக எண் வேண்டாம், தனி சிம் போடுங்கள்.

பதில் (ஃபிக்ஹு, அதாவது மார்க்கச் சட்ட ஆசிரியர்):
"உன்னிடம் இல்லாததை விற்காதே" என்ற ஹதீஸ் திர்மிதியில் இருக்கிறது. ஆர்டர் பிடித்தபின் வாங்கி விற்பது அங்கே இடிக்கும். ஸலம் (முழு விலையை முன்பே வாங்கிக்கொண்டு பொருளைப் பின்னால் தருவது) என்றும் சொல்ல முடியாது. இந்தச் சேலைதான் என்று காட்டிய பொருளுக்கு அது பொருந்தாது. வகாலாவாக (முகவர் ஏற்பாடாக) மாற்றுங்கள். சேலை கடைக்காரருடையது, பிள்ளைகள் அவருடைய முகவர்கள், சேலைக்கு இவ்வளவு கமிஷன். கூரியரும் திரும்பி வரும் செலவும் யார் தலையில் என்பதையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

நபி (ஸல்) தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட ஹதீஸை (முஸ்லிம்) போட்டோ பாடத்தன்றே நடத்துங்கள். நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அந்த வியாபாரியிடம் நபி (ஸல்) கேட்டார்கள். சேலையில் சாயம் திட்டாகப் படிந்திருந்தால் அந்த இடம்தான் முதல் படமாக இருக்க வேண்டும்.

மேலூர் உஸ்தாத்:
ஜஸாக்கல்லாஹு கைரா. பணத்தை மதரஸா டிரஸ்ட் கணக்கில் வாங்கலாமா?

ஜவுளி வியாபாரி:
வேண்டாம் ஹஜ்ரத். நன்கொடையோடு விற்பனைப் பணம் கலந்தால் ஆடிட்டில் சிக்கல் வரும். பொறுப்பான பெரியவர் ஒருவர் பெயரில் தனிக் கணக்கு, அதற்கு ஒரு க்யூஆர். ஸ்கிரீன்ஷாட்டை நம்பி பார்சல் கட்டவே கூடாது, போலி நிறைய சுற்றுகிறது. இரவு இஷா தொழுகைக்குப் பின் ஒரு பிள்ளை வங்கி வரவைப் படிக்க, இன்னொரு பிள்ளை நோட்டில் டிக் அடிக்கட்டும். டிக் விழுந்த பார்சல் மட்டும் மறுநாள் கூரியருக்குப் போகட்டும்.