வேன் எடுக்கப் போறவங்க கடைசி வரிசைல ஒக்காந்து ஒரு ரவுண்டு போய்ப் பாருங்க

எங்க வீட்ல 8 பேரு. ரெண்டு பேரு வயசானவங்க, ரெண்டு பேரு சைல்டு சீட்ல ஒக்கார்ற பசங்க. மினிவேன் போதுமா இல்ல 12 சீட்டு பெரிய வேனே எடுத்துடலாமான்னு பேச்சு ஓடிட்டே இருந்துச்சு, எனக்கு பெரிய வேன் மேலதான் ஆசை. டெஸ்ட் டிரைவ் போனப்ப தம்பிய ஓட்டச் சொல்லிட்டு நான் கடைசி வரிசைல போய் ஒக்காந்தேன். பெரிய வேன்ல அந்த சீட்டு பின் சக்கரத்து ஆக்ஸிலுக்கும் பின்னாடி வருது, அதனால சின்ன மேடு ஏறுனாலும் முன்னாடி இருக்கவங்களுக்கு லேசா தெரியுறது நமக்கு தூக்கிப் போடுது, வண்டி காலியா இருந்தா இன்னும் மோசம், ஏன்னா ஃபுல் லோடு தாங்குற மாதிரி போட்ட ஸ்பிரிங் அது. எங்கம்மாவ அங்க ஒக்கார வச்சு ராத்திரி பூரா கூட்டிட்டுப் போக முடியாதுன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

கடைசில 8 சீட்டு மினிவேன்தான் எடுத்தோம். இந்த மாதிரி வண்டிங்க நெறைய மாடல்ல மூணாவது வரிசைக்குப் பின்னாடி தரை பள்ளமா இருக்கும், சீட்ட மடக்குனா அதுக்குள்ள போயிடும், நிமித்தி வச்சா அந்தப் பள்ளத்துல பெட்டிய நட்டக்க நிறுத்தலாம். 7 சீட்டு எஸ்யூவில மூணு வரிசையும் போட்டா பெரும்பாலும் பின்னாடி ரெண்டு பை வைக்கிற எடம்தான் மிஞ்சுது. சைல்டு சீட் மாட்டுற கொக்கி எந்தெந்த சீட்ல இருக்குன்னு கையால தடவிப் பாருங்க, எல்லா சீட்லயும் இருக்காது. அதே மாதிரி ரெண்டாவது வரிசைல சைல்டு சீட்டு மாட்டுனபடியே மூணாவது வரிசைக்கு ஆள் ஏற முடியுதான்னும் பாத்துக்கோங்க, எங்களுக்கு முடிவு பண்ண இதுதான் ரொம்ப ஒதவுச்சு.

---

மேல பதிவு போட்ட தம்பி எழுதுனது நூத்துக்கு நூறு சரி. நான் ரொம்ப வருஷமா டூர் வேன் ஓட்டுறேன், அந்தக் கடைசி சீட்டப் பத்தி இன்னொரு பக்கம் சொல்றேன். அது குலுங்குறது மட்டும் இல்ல, அங்க ஆளு ஒக்கார ஒக்கார வண்டியோட எடை பின்னாடியும் மேலயும் போகுது. அமெரிக்காவுல நெடுஞ்சாலை பாதுகாப்பு பாத்துக்குற என்எச்டிஎஸ்ஏ 2001ல எச்சரிக்கை குடுத்தாங்க, 15 சீட்டு வேன் தனியா விபத்துல சிக்குனப்ப உள்ள 10 பேரோ அதுக்கு மேலயோ இருந்தா, ஆளு கம்மியா இருக்குற வேன விட உருளுற விகிதம் கிட்டத்தட்ட மூணு மடங்குன்னு. திருப்பத்துல சடார்னு ஸ்டியரிங்க ஒடிச்சு திரும்ப எதிர்ப்பக்கம் ஒடிக்கும்போது அந்த எடை எப்படி இழுக்கும்னு ஓட்டுறவனுக்குத் தெரியும், எனக்கு ஒரு தடவை மழைல நடந்துச்சு, ஈஎஸ்சி (வண்டி சறுக்காம பாத்துக்குற எலக்ட்ரானிக் சிஸ்டம்) இருந்ததால தானா பிரேக் புடிச்சு வண்டி நேரா நின்னுச்சு. அதனால பழைய வேன் மலிவா கெடைக்குதுன்னு போறவங்க கிட்ட நான் மொதல்ல கேக்குறது ஈஎஸ்சி இருக்கான்னுதான். இல்லன்னா வேற வண்டி பாருங்கப்பா, ஆள் ஏத்துற வண்டில இதுக்கு சமாதானமே கெடையாது.

சீட்டு எண்ணிக்கையப் பாத்து ஏமாறாதீங்க, கணக்கு போடுங்க. ஆளுக்கு 75 கிலோன்னு வச்சா 15 பேரு 1125 கிலோ, ஆளுக்கு 15 கிலோ பை வச்சா இன்னொரு 225, ஆக 1350 கிலோ. உங்க வண்டி எவ்வளவு தாங்கும்னு டிரைவர் பக்க கதவுத் தூண்ல ஒட்டிருக்குற ஸ்டிக்கர்ல இல்லன்னா ஆர்சி மாதிரி பேப்பர்ல போட்டிருக்கும், வண்டிக்கு அனுமதிச்ச மொத்த எடைல காலி வண்டி எடைய கழிச்சா வர்றதுதான் மிச்சம். நெறைய வேன்ல எல்லா சீட்டும் நெறஞ்சா லக்கேஜுக்கு எடை பாக்கியே இருக்காது. இருக்குற லக்கேஜயும் ரூஃப் கேரியர்ல கட்டுனா இன்னும் ஆபத்து. நான் ஆளு கம்மியா இருந்தா கடைசி வரிசைய காலியா விட்டுட்டு எல்லாரையும் முன்னாடி ஒக்கார வைப்பேன், சில பேரு கோவிச்சுப்பாங்க, பரவால்ல. டயர் காத்து முன்னாடி ஒரு அளவு பின்னாடி ஒரு அளவு இருக்கலாம், அதுவும் அதே ஸ்டிக்கர்ல இருக்கு. ரோட்டுல படுற கட்டை தேயலன்னாலும் டயர் பழசாயிட்டா மாத்திடுங்க.

---

அண்ணே அந்த எடைக் கணக்கு ரொம்ப உபயோகமா இருந்துச்சு. நான் ஆபீஸ் ஸ்டாஃப் பிக்கப் ஓட்டுறேன், டீசல் வேன். வண்டி எடுக்குறப்ப மைலேஜ் மட்டும்தான் எல்லாரும் சொன்னாங்க. நம்ம ஓட்டம் பூரா சின்ன சின்ன தூரம், நின்னு நின்னு போறது, டிபிஎஃப் (டீசல் புகைல வர்ற கரிய புடிக்கிற ஃபில்டர்) அடிக்கடி அடைச்சுக்குது. அதுல சேர்ற கரி எரியணும்னா புகை 600 டிகிரி பக்கம் சூடாகணும், அதுக்கு கொஞ்ச நேரம் ஒரே வேகத்துல ஹைவேல ஓடணும், நம்ம ரூட்ல அது நடக்கவே நடக்காது. இப்ப வாரக் கடைசில அதுக்குன்னே ஹைவேல ஒரு சுத்து போயிட்டு வர்றேன். தூர டிரிப் ஓட்டுறவங்களுக்கு டீசல் நல்லா இருக்கும், ஊருக்குள்ளயே சுத்துறவங்க பெட்ரோல், ஹைப்ரிட், எலக்ட்ரிக்னு யோசிங்க. அப்புறம் தொழிலுக்கு எடுக்குறவங்க உங்க பக்கத்துல அந்த வண்டிக்கு ஸ்பேர் கெடைக்குதா, மெக்கானிக் இருக்காங்களான்னு விசாரிச்சுக்கோங்க, வண்டி நின்னா வருமானமும் நிக்குது.

---

அக்கா தங்கச்சிங்க யாராவது பெரியவங்களுக்காக எடுக்குறீங்கன்னா படி உயரத்த பாருங்க. எங்க மாமியாருக்கு மூட்டு வலி, மினிவேன்ல ஸ்லைடிங் டோர் தெறந்தா நேரா ஒக்கார்ற மாதிரி இருக்கு, பெரிய வேன்ல ரெண்டு படி ஏறி குனிஞ்சு உள்ள நடக்கணும். ஹை ரூஃப்னா குனிய வேணாம், ஆனா நெறைய மாடல்ல வண்டி உயரம் 2.5 மீட்டர் தாண்டிடும், ஆஸ்பத்திரில கீழ்த்தள பார்க்கிங்ல நொழையாது, வெளில நிறுத்திட்டு அவங்கள நடக்க வைக்கணும்.

---

டொயோட்டா ஹையேஸ் வேன்ல கடைசியா வந்த ரெண்டு தலைமுறையும் ஓட்டிருக்கேன், அதையும் சொல்லிடறேன். 2004ல வந்த மாடல்ல எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில, மூக்கே இல்லாததால அதே நீளத்துல உள்ள எடம் அதிகம், சந்துல திருப்புறது சுலபம். ஆனா சீட்டுக்குக் கீழ சூடு ஏறும், முன்னாடி இடிச்சா நம்ம காலுக்கும் எதிர்ல வர்றதுக்கும் நடுவுல பெருசா ஒண்ணும் கெடையாது. 2019ல வந்ததுல எஞ்சின முன்னாடி கொண்டு வந்து சின்னதா பானெட் குடுத்துட்டாங்க, சத்தமும் கொறஞ்சுது. தூர டிரிப்புக்கு ஆள் ஏத்துறவங்களுக்கு நான் மூக்கு வச்ச வேன்தான் சொல்லுவேன். நெருக்கமான தெருவுல சரக்கும் ஆளும் மாத்தி மாத்தி ஏத்துறவங்க இன்னும் பழசத்தான் தேடிப் புடிக்கிறாங்க, அவங்க தேவைக்கு அது சரியாத்தான் இருக்கு. இன்னொண்ணு, எந்த வேனா இருந்தாலும் பின்னாடி ஏசிக்கு தனி கூலிங் காயிலும் கூரைல வென்ட்டும் இருக்கான்னு வெயில் நேரத்துல வண்டி நெறய ஆள் வச்சு பாருங்க, முன்னாடி ஏசி காத்து மட்டும் கடைசி வரிசைக்கு வந்து சேராது.