மறு: ‘புரோட்டீன் ஸ்கிம்மர்’ என்பதற்குத் தமிழில் ‘நுரைவாரி’ எனலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

கடல்நீர் மீன்தொட்டியில் காற்றுக்குமிழியால் நுரை எழுப்பிக் கழிவை வெளியேற்றும் ‘புரோட்டீன் ஸ்கிம்மர்’ கருவிக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழை நீண்டுவிட்டது. இதுவரை வந்த பரிந்துரைகள் புரத நீக்கி, புரத வடிப்பான், நுரை பிரிப்பான், கடல்நுரைக் கருவி, ஏடெடுப்பான். சின்னக் கடல்நீர்த் தொட்டி ஒன்றை வீட்டில் பராமரிப்பவன் என்ற முறையில் என் கருத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பெயர் எதைச் சுட்டுகிறதோ அதைத்தான் வாங்குபவர் பார்ப்பார் என்பதால், இந்தச் சொல்லைச் சரியாக அமைக்க வேண்டும் என்ற கவலை எனக்கு உண்டு.

> ‘புரத நீக்கி’ நேரடியாக இருக்கிறது. மூலத்திலும் புரோட்டீன் என்றுதானே இருக்கிறது?

ஆங்கிலத்தை மூலமாகக் கொண்டால் அப்படித்தான். ஆனால் இந்தக் கருவி வீட்டுத் தொட்டிகளுக்குள் வந்தது 1960களில், ஜெர்மனியில். எர்வின் சாண்டர் என்பவர், காற்றைக் குமிழிகளாக வெளிவிடும் காற்றுக்கல் வைத்து, நீர் கீழ்நோக்கியும் குமிழி மேல்நோக்கியும் போகும்படி அமைத்த குழாய்தான் முன்னோடி. ஜெர்மானியர் இதைப் பேச்சில் ‘அப்ஷொய்மர்’ என்கிறார்கள். நுரையை எடுப்பது என்று பொருள். புரதம் என்ற அடைமொழியை முன்னால் சேர்ப்பதும் உண்டு, விடுவதும் உண்டு. பிரெஞ்சில் ‘எக்யுமர்’; அதிலும் நுரைதான் இருக்கிறது, புரதம் இல்லை.

அதைவிட முக்கியமான காரணம் வேதியியலில் இருக்கிறது. 2009, 2010 ஆண்டுகளில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியலாளர் கென் ஃபெல்ட்மனும் உடன் பணியாற்றியவர்களும் சில ஸ்கிம்மர்களை எடுத்து முறையாக அளந்து பார்த்தார்கள். தொட்டி நீரில் இருந்த கரிமப் பொருளில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எந்தக் கருவியாலும் வெளியேற்ற முடியவில்லை. கருவியின் மேலுள்ள கிண்ணத்தில் சேர்ந்த கசடை உலர்த்திப் பகுத்தபோது அதில் கால்சியம் கார்பனேட்டும் சிலிக்காவும் கணிசமாக இருந்தன. புரதம் அதில் ஒரு சிறு பகுதி. நீக்குவது புரதம் மட்டுமல்ல, புரதம் முழுவதையும் நீக்குவதும் இல்லை. அப்படியிருக்க ‘புரத நீக்கி’ என்று பெயரிட்டால், ஒரு தவறான எதிர்பார்ப்பைத் தமிழிலும் நாமே விதைத்ததாகும்.

> கருவி உண்மையில் என்ன செய்கிறது என்பதை யாராவது எளிமையாகச் சொன்னால் சொல் தானாக அமையும்.

சொல்கிறேன். மீனின் கழிவு, மிஞ்சிய தீனி, பாசியிலிருந்து கசியும் பொருள்கள் ஆகியவற்றில் பல மூலக்கூறுகளுக்கு ஒரு முனை நீரை விரும்பும், மறு முனை நீரை வெறுக்கும். காற்றுக்குமிழி ஒன்று பக்கத்தில் வந்தால், வெறுக்கும் முனை காற்றுப் பக்கம் திரும்பிக் குமிழியின் தோலில் ஒட்டிக்கொள்ளும். இப்படி ஆயிரக்கணக்கான குமிழிகள் மேலே போய் நெருக்கியடித்து நுரையாகின்றன. நுரை குறுகிய கழுத்து வழியே ஏறும்போது நீர் வடிந்துவிடுகிறது, கசடு மட்டும் கிண்ணத்தில் விழுகிறது. கரும்புப் பாகு கொதிக்கும் கொப்பரையில் வெண்டைச் சாறு விட்டு, அழுக்கு நுரையோடு மேலே வந்ததும் வழித்தெடுக்கும் வெல்லத் தொழிலாளிக்கு இதை விளக்கவே தேவையில்லை.

இங்கே குமிழியின் அளவுதான் எல்லாம். ஒரு லிட்டர் காற்றை 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள குமிழிகளாக உடைத்தால் மொத்தத் தோல்பரப்பு 3 சதுர மீட்டர். 1 மில்லிமீட்டராக உடைத்தால் 6. அரை மில்லிமீட்டராக உடைத்தால் 12. சின்னக் குமிழி மெதுவாக ஏறுவதால் நீரோடு அதிக நேரம் தொடர்பிலும் இருக்கும். கடல்நீரில் உள்ள உப்புகள் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாவதைத் தடுக்கின்றன. நன்னீரில் அந்தத் தடை இல்லை; குமிழிகள் கலந்து பெருத்து விறுவிறுவென்று மேலே ஓடிவிடும், நுரை நிற்காது. நன்னீர்த் தொட்டிக்கு ‘புரத நீக்கி’ வாங்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பெயரில் நுரை இருந்தால் பாதிக் கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும்.

> பள்ளிப் பாடநூலில் ஏற்கெனவே சொல் இருக்கிறதா?

நெருங்கிய உறவு ஒன்று இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் கலீனா போன்ற சல்பைடு தாதுக்களை அடர்ப்பிக்கும் ‘நுரை மிதப்பு முறை’ வருகிறது. அங்கே பைன் எண்ணெய் சேர்த்து நுரையை வரவழைக்கிறார்கள், தொட்டியில் கழிவே நுரையை வரவழைக்கிறது. அடிப்படை ஒன்றுதான். ஆகவே செயல்முறைக்கு ‘நுரைப்பிரிப்பு’ என்று வைத்துக்கொள்ளலாம். பாடநூல் படித்த பிள்ளைக்கு இரண்டும் ஒரே குடும்பம் என்று உடனே புரியும். இறால் குஞ்சுப் பொரிப்பகங்களிலும் மறுசுழற்சி மீன் வளர்ப்பிலும் ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய கருவிகளுக்கும் இது பொருந்தும். அங்கே பெரும்பாலும் நுரையை வைத்துத்தான் பேர்.

‘கடல்நுரைக் கருவி’ பற்றி ஒரு வார்த்தை. சித்த மருத்துவத்தில் ‘கடல்நுரை’ என்றால் கணவாய் ஓடு. நாட்டு மருந்துக் கடையில் அந்தப் பேரில்தான் கிடைக்கும். அந்தச் சொல்லை அவர்களிடமே விட்டுவிடுவோம்.

‘ஏடெடுப்பான்’ அழகான சொல். ஆனால் அது வேறொரு கருவிக்கு உரியது. தொட்டி நீரின் மேல் எண்ணெய்ப் படலம்போல் மிதப்பதை உறிஞ்சி எடுக்கும் சிறு கருவி இருக்கிறது. நீர்ச்செடி வளர்க்கும் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் அதிகம் வாங்குவது அது. கடையில் அதற்கும் ‘ஸ்கிம்மர்’ என்றுதான் பேர். நீச்சல் குளத்து ஓரத்தில் சருகு பிடிக்கும் அமைப்புக்கும் அதே பேர். ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் மூன்று கருவிகள் மாட்டிக்கொண்டிருக்கின்றன. நாம் அதைப் பின்பற்ற வேண்டியதில்லை. படலம் எடுப்பதற்கு ‘ஏடெடுப்பான்’, நுரை எழுப்பிக் கசடெடுப்பதற்கு ‘நுரைவாரி’ என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் இராது.

> வாரி என்றால் கடல் என்றும் பொருள். ‘நுரைவாரி’ நுரைக்கடல் ஆகிவிடாதா?

அகராதியில் கடல், வெள்ளம், வருவாய் எல்லாம் உண்டு. ஆனால் ‘தூர்வாரி’ என்று எழுதினால் யாரும் கடலை நினைப்பதில்லை. குமரி, நெல்லைப் பக்கம் துடைப்பத்துக்கு ‘வாரியல்’ என்பது இன்றும் வீட்டுச் சொல். வாருதல் என்ற வினை உயிரோடு இருக்கிறது, அதில் பிறந்த சொல் தடுமாறாது. கடல்நீரில்தான் நன்றாக வேலை செய்கிற கருவிக்குக் கடல் என்ற பொருளும் கூடவே ஒட்டிக்கொண்டால் எனக்கு மகிழ்ச்சிதான்.

> நுரையையா வாருகிறது? அழுக்கை அல்லவா?

நியாயமான கேள்வி. நுரையால் வாருவது என்று விரித்துக்கொள்ளுங்கள். மின்விசிறி மின்னை விசிறுவதில்லை, காற்றாலை காற்றை அரைப்பதில்லை. தமிழ்த் தொகைச் சொற்கள் இந்தச் சுமையைத் தாராளமாகத் தாங்கும். ‘நுரை பிரிப்பான்’ என்பதில் நுரையையே பிரிப்பதுபோல் ஒலிப்பதுதான் எனக்கு நெருடல். மேலும் ‘வாரி’ இரண்டெழுத்து. கடைக்காரர் வாயில் நுழைய வேண்டும் அல்லவா?

> பெயர் எதுவானால் என்ன, 60 லிட்டர் தொட்டிக்குச் சத்தமில்லாத நல்ல கருவி எது என்று சொல்லுங்கள்.

கேட்டவருக்கு நன்றி. சொல்லையும் கருவியையும் சேர்த்துப் பேச இது வாய்ப்பு.

முதலில், அந்த அளவுத் தொட்டியில் ஒன்றிரண்டு மீன்தான் என்றால் வாரம் 10 முதல் 20 விழுக்காடு நீர் மாற்றினாலே போதும். நுரைவாரி கட்டாயமில்லை. மீன் கூடுதலாக இருந்தாலோ, தாராளமாகத் தீனி போடுபவராக இருந்தாலோ வாங்குங்கள். நீரில் உயிர்வளி கூடும் என்பது உபரி நன்மை.

வாங்கும்போது அட்டையில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கைப் பார்த்துப் பெரிதாக எடுக்காதீர்கள். கழுத்து அகலமாக இருந்தால், சின்னத் தொட்டியின் கொஞ்சக் கசடு அத்தனை அகலத்தை நிரப்பி ஏற முடியாது. நுரை பாதிக் கழுத்தில் நின்று உடைந்துகொண்டே இருக்கும், கிண்ணம் காலியாகக் கிடக்கும். ‘புரத நீக்கி’ என்று நினைப்பவர் பெரியது நிறைய நீக்கும் என்று வாங்குவார். ‘நுரைவாரி’ என்று நினைப்பவர் நுரை ஏறுமா என்று பார்ப்பார். நான் பெயருக்காக இவ்வளவு மன்றாடுவது இதனால்தான்.

சத்தம் நான்கு இடங்களிலிருந்து வரும். காற்று உள்ளே போகும் முனையில் சீறல், பம்பில் கடகடப்பு, நீர் வெளியேறும் இடத்தில் சலசலப்பு, இவை எல்லாம் கண்ணாடிக்கும் மேசைக்கும் பரவும் அதிர்வு. எது என்று கண்டுபிடிக்க எளிய வழி, காற்றுக்குழாய் முனையை விரலால் பாதி மூடிப் பாருங்கள். சத்தம் சட்டென்று தணிந்தால் அது சீறல். நல்ல ஒலியடக்கி வைத்த கருவியில் அது இராது. தணியாவிட்டால் பம்பைத் தூக்கிக் கையில் பிடியுங்கள். கையில் இருக்கும்போது அமைதியாகி, வைத்ததும் உறுமினால் அதிர்வு. அடியில் ரப்பர்க் கால்களோ மெத்தைத் துண்டோ வேண்டும். கையிலும் கடகடத்தால் பம்பினுள் சுழலும் சக்கரமான இம்பெல்லரில் கோளாறு. அதன் தண்டு பீங்கானாகவும் இரு முனையிலும் ரப்பர் உறையுடனும் இருப்பது நல்லது. ஊசி ஊசியாக முளைத்த சக்கரம் காற்றை நறுக்கிக் குமிழியாக்கும் வகைதான் இப்போது பரவலாகக் கிடைக்கிறது. அந்த ஊசிகளில் சுண்ணாம்பு படியும்போது சமன் குலைந்து சத்தம் வரும். புளிக்காடியில் ஊறவைத்துக் கழுவினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்களுக்கு ஒன்று. சாதாரண மாறுமின் (ஏசி) பம்பின் வேகம் மின்சாரத்தின் அலைவெண்ணைப் பொறுத்தது. 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்குச் செய்ததை நம் 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுழலும். காற்று குறையும், நுரை குறையும். மின்னழுத்த மாற்றி வைத்தாலும் இது சரியாகாது. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று பம்பின் மேலேயே அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். நேர்மின் (டிசி) பம்புக்கு இந்தத் தொல்லை இல்லை.

கட்டுமானத்தைப் பொறுத்தவரை கிண்ணத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். ஒரு கையால் திருகினால் கழன்று, அசையாமல் திரும்பப் பொருந்த வேண்டும். உப்புநீர் படும் இடத்தில் இரும்புத் திருகாணி எதுவும் இருக்கக் கூடாது. ஒட்டிய மூலைகளில் பசை விட்டுப்போன இடம் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

புதுக் கருவி முதல் நாள்களில் நுரை தராமல் படுத்தும், அல்லது பொங்கி வழியும். தயாரிப்பின்போது பட்ட எண்ணெய்ப் பசை போய், உள்சுவரில் மெல்லிய படலம் படியும்வரை அப்படித்தான். பிறகும் தொட்டிக்குள் கைவிட்டாலோ எண்ணெய்ப் பசையுள்ள தீனி போட்டாலோ சில மணி நேரம் நுரை அடங்கிவிடும். கருவி கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். கழுத்தின் உள்பக்கம் பழுப்பு வளையம் கட்டும். அது தடித்தால் நுரை ஏறாது, வாரம் ஒருமுறை துணியால் துடைத்தால் போதும். மின்சாரம் போய் வரும்போது, கருவியை வைக்கும் கீழ்த்தொட்டியில் (மேல்தொட்டி நீர் வடிந்து சேரும் துணைத்தொட்டி) நீர்மட்டம் உயர்ந்து கிண்ணம் வழியக்கூடும் என்பதால், அடிக்கடி மின்வெட்டு உள்ள ஊர்க்காரர்கள் கிண்ணத்தில் வடிகுழாய் உள்ளதாகப் பார்த்து, அதை ஒரு தனி டப்பாவுக்குள் விட்டுவையுங்கள்.

துணைச் சொற்களில் எனக்கு நிறைவாக இருப்பவை இவை. குமிழியும் நீரும் கலக்கும் பகுதி ‘நுரையறை’. நுரை ஏறுமிடம் ‘கழுத்து’, அதற்கு மேல் ‘கசடுக் கிண்ணம்’. கிண்ணத்தில் சேர்வது ‘நுரைக்கசடு’. தேநீர் நிறத்தில் நீர்க்கச் சேர்ந்தால் ‘ஈரநுரை’, கெட்டியாகக் கருத்துச் சேர்ந்தால் ‘உலர்நுரை’. நீரோட்டத்தால் காற்றை உள்ளிழுக்கும் குறுகிய குழாயான வெஞ்சுரி ஒருவர் பெயரிலிருந்து வந்தது, அப்படியே இருக்கட்டும். ஊசிச் சக்கரத்துக்கு ‘ஊசிச்சுழலி’ என்று எழுதிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. பம்பு பழுது பார்க்கும் தொழிலாளர்கள் இம்பெல்லருக்கு ஊரில் வேறு பேர் எதுவும் வழங்குகிறார்களா? கோவைப் பக்கம் பம்பு ஆலைகளில் வேலை பார்த்தவர்கள் நம் குழுவில் இருக்கிறார்கள். அவர்கள் சொன்ன பிறகு அந்த ஒரு சொல்லை முடிவு செய்யலாம். மற்றவற்றுக்கு மறுப்பு இருந்தால் இதே இழையில் எழுதுங்கள்.

அன்புடன்