தீபாவளிக்கு வீட்ல பலகாரமே வேண்டாம்னு சொல்லிட்டேன், சரிதானா?

சேலம்_நடை:
போன தீபாவளிக்கு முன்னாடி 74 கிலோ இருந்தேன், பொங்கல் முடிஞ்சு மெஷின்ல ஏறி நின்னா 78. அத எறக்க சித்திரை வரைக்கும் ஆச்சு. அதனால இந்த 2026 தீபாவளிக்கு வீட்ல எண்ணெச் சட்டியே வைக்க வேண்டாம், வெளிய இருந்து வர்ற ஸ்வீட் பாக்ஸயும் வாங்க வேண்டாம்னு சொல்லிட்டேன். வீட்டம்மா ரெண்டு நாளா முகம் குடுத்து பேசல, புள்ளைங்களும் உம்முன்னு இருக்குதுங்க. நீங்கல்லாம் என்ன பண்றீங்க?

தஞ்சாவூர்_மருமக:
தப்பா எடுத்துக்காதீங்கண்ணா, பழிய தூக்கி தீபாவளி மேல போடறீங்க. ஒரு கிலோ கொழுப்புக்கு சுமாரா 7,700 கலோரி கணக்கு, 4 கிலோன்னா 30,000 தாண்டிடும். நெய் மைசூர்பாகு ஒரு துண்டு 200 கலோரின்னு வச்சாலும் 150 துண்டு வருது, அத ஒரே நாள்ல யாரு தின்ன முடியும்? போன தீபாவளி அக்டோபர் 20, பொங்கல் ஜனவரி 15, நடுவுல 87 நாள். தினம் ரெண்டு துண்டு கூட வேண்டாம், கணக்கு முடிஞ்சுது. பண்டிகை அன்னிக்கு ஏறின எடை இல்ல அது, அப்புறம் டீயோட டீயா உள்ள போனது. இன்னொண்ணு கேக்கறேன், அந்த 87 நாளும் நீங்க நடந்தீங்களா?

இரும்பு_தம்பி:
அக்கா, நடந்தா கரைஞ்சிடும்னு சொல்லி சொல்லியே தான் எல்லாரும் திங்கறாங்க. 70 கிலோ ஆளு அந்த ஒரு துண்ட கரைக்கணும்னா வேகமா முக்கா மணி நேரம் நடக்கணும், திங்கறதுக்கு ஒரு நிமிஷம் கூட ஆகாது. அதுலயும் அது வெறும் மைசூர்பாகு மட்டுமா, காலைல இட்லியோட ரெண்டு, சொந்தக்காரங்க வீட்டுக்கு வீடு ஒரு தட்டு, மத்தியானம் விருந்து, எல்லாம் முடிஞ்சு லேகியம் சாப்ட்டா சரியாகிடும்னு அதுல ஒரு உருண்டை, அதுலயும் வெல்லமும் நெய்யும் தான். அண்ணன் எடுத்த முடிவு கரெக்ட். கைக்கு எட்டற எடத்துல இருந்தா வாய்க்கு போயிடும், அவ்ளோதான்.

தஞ்சாவூர்_மருமக:
லேகியம் எடை கொறைக்கும்னு எந்தப் பாட்டியும் சொல்லல தம்பி. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாம் சேத்து கிண்டறது, எண்ணெப் பலகாரம் தின்ன வயிறு மந்தமா இருக்கக் கூடாதுன்னு காலைல சுண்டக்கா அளவு குடுப்பாங்க. உருண்டையா முழுங்கினா அது லேகியத்தோட தப்பா?

இதுல யாரும் பேசாத ஒரு விஷயம் இருக்கு. எங்க வீட்ல அதிரசத்துக்கு பச்சரிசி ஊற வச்சு இடிச்சு, பாகு ஊத்தி மாவு ரெண்டு நாள் புளிக்கணும், அப்புறம் ஒவ்வொண்ணா தட்டிப் போட்டு எடுக்கும்போது ரெண்டு கரண்டிக்கு நடுவுல வச்சு அழுத்துவாங்க எங்க அத்தை, எண்ணெ சொட்டு சொட்டா சட்டியில விழும், கடைசி சொட்டு விழற வரைக்கும் விடமாட்டாங்க. அப்படி மூணு நாள் அடுப்படியிலயே நின்னு, ராத்திரி நாலு மணி நேரம் தூங்கி, விடியக்காலைல எழுந்து எல்லாருக்கும் எண்ணெ தேய்ச்சு விடற பொம்பளைக்கு நடை எங்க, தூக்கம் எங்க? நான் மூணு வருஷம் முன்னாடி ரெண்டு படி மாவ அரைப்படி ஆக்கிட்டேன். ஒரு இனிப்பு ஒரு காரம், ஒரே நாள்ல வேலை முடிஞ்சிடும், சாயங்காலம் நானும் அத்தையும் கோயில் வரைக்கும் நடந்துட்டு வர்றோம். சுட்ட எண்ணெய திரும்பத் திரும்ப காய்ச்சறதும் நின்னு போச்சு.

நெல்லை_மகன்:
அக்கா சொல்றதுக்கு ஒரு உதாரணம் சொல்றேன். எங்க அப்பாவுக்கு சுகர் வந்து 12 வருஷம். ஒரு தீபாவளிக்கு இனிப்பே வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு நான் தான் கண்டிப்பா சொன்னேன். மறுவாரம் வெறும் வயித்துல பாத்தா 240. எப்டின்னு பாத்தா, பக்கத்து வீட்ல குடுத்த டப்பா அவர் கட்டிலுக்கு அடியில இருந்துச்சு, மூடி தெறக்கற சத்தம் கேக்கக் கூடாதுன்னு மேல துண்டு சுத்தி வச்சிருந்தார். 71 வயசுல பெத்த புள்ளைக்கு பயந்துட்டு இருட்டுல திங்கறார். அத நெனச்சா இப்பவும் எனக்கு மனசு ஆறல.

டாக்டர்கிட்ட போனோம். மத்தியானம் சாப்பாட்டோட ஒரு துண்டு, அதுக்கு ஈடா சோத்த கொறைங்க, சாப்ட்டு 15 நிமிஷம் நடங்கன்னார். நடக்கும்போது கால் சதை ரத்தத்துல இருக்கற சக்கரைய இழுத்துக்கும், சாப்ட்டவுடனே நடந்தா சட்டுனு ஏறாதாம். இன்சுலின் போடறவங்க அவங்கவங்க டாக்டர கேட்டு தான் செய்யணும். இப்ப ரெண்டு பேரும் தெருமுனை பிள்ளையார் கோயில் வரைக்கும் போயிட்டு வர்றோம்.

இரும்பு_தம்பி:
உங்க அப்பா விஷயம் சரிண்ணே, அவருக்கு அது ஒத்து வந்திருக்கு. எங்க வீட்டு கதை வேற. எங்கம்மாவுக்கு "இன்னிக்கு ஒரு நாள் தானே"ன்னு பொங்கலுக்கு, கல்யாணத்துக்கு, தீபாவளிக்குன்னு சொல்லி சொல்லி கடைசில கால் விரல் ரெண்ட எடுத்தாங்க. ஆஸ்பத்திரியில கட்டு பிரிக்கும்போது பக்கத்துல நின்னவன் நான். 2023ல வந்த ஐசிஎம்ஆர் (மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு) ஆய்வுல நாடு முழுக்க 10 கோடி பேருக்கு மேல சுகர்னு போட்டிருந்தாங்க. அதனால ஒண்ணே ஒண்ணுன்னு யாராவது சொன்னா எனக்கு வயித்த கலக்குது. நான் தொடமாட்டேன், வீட்லயும் வைக்கமாட்டேன்.

தஞ்சாவூர்_மருமக:
அம்மா இப்ப எப்டி இருக்காங்க தம்பி? அந்த வலிய நான் மறுத்துப் பேசல. நீங்க தொடாதீங்க, உங்களுக்கு அதுக்கு காரணம் இருக்கு. ஆனா எங்க வீட்ல தடுத்தா ஒளிஞ்சு தின்னுவாங்க, அதனால நாங்க நாள் கணக்கு வச்சிருக்கோம். நாலாவது நாள் டப்பா வீட்ல இருக்காது, வீட்டு வேலைக்கு வர்றவங்க, வாட்ச்மேன், தெருவ கூட்டறவங்களுக்கு தீபாவளி அன்னிக்கே பிரிச்சு குடுத்துடுவோம், மிஞ்சினத குடுக்கறதில்ல.

இரும்பு_தம்பி:
நல்லா இருக்காங்கக்கா, வாக்கர் இல்லாம நடக்கறாங்க. மூணு நாள் கணக்கு பரவால்ல, ஆனா அந்த மூணு நாளும் எங்க வீட்டுக்கு ஆகாது.

சேலம்_நடை:
அக்கா கேட்டதுக்கு அப்புறம் செல்போன்ல நடை கணக்க எடுத்து பாத்தேன். அக்டோபர் 17 வரைக்கும் தினம் 7,000 அடி 8,000 அடின்னு இருக்கு, அதுக்கப்புறம் மழை, 1,500 தாண்டல, ஜனவரி வரைக்கும் அப்படியே தான். வாரம் 150 நிமிஷம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்றதுல நான் பாதி கூட நடக்கல. தின்னது மட்டும் இல்ல, நின்னு போனதும் தான். மழை நாள்ல எங்க அபார்ட்மென்ட் கார் நிறுத்தற எடத்துலயே சுத்தலாம்னு இருக்கேன்.

வீட்டம்மாகிட்ட அரைப்படி கணக்க சொன்னேன். அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு, "அப்ப முறுக்கு யாரு பிழியறது?" நான் பிழியறேன்னுட்டேன்.

தஞ்சாவூர்_மருமக:
அப்படின்னா மாவ கெட்டியா பெசையாதீங்கண்ணா, கை போயிடும். கொஞ்சம் வெண்ணெ போட்டு தளர்த்தியா பெசைஞ்சு ஈரத்துணி மூடி வைங்க, அச்சுல பாதி மட்டும் ரொப்புங்க.